அணை கட்டியவரும் அணை காப்போரும்

மதுரை, தேனி வட்டாரங்களில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் பென்னிகுவிக்கின் பெயர் தானாக வந்துவிடும். அவர் பிறந்த நாளும் தைப்பொங்கலும் ஒன்றையொன்று ஒட்டி வருவதால், கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பெயரில் பொங்கல் வைக்கும் ஊர்களும் உண்டு. அந்த நன்றியுணர்வு போற்றத்தக்கது. ஆனால், முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்படுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, மதுரை உள்ளிட்ட தென் மாவட்டங்களின் ஏரி, கண்மாய்களைக் கவனிக்கும் துறைக்கு உதவிப் பொறியாளராக வந்த வேறோர் ஆங்கிலேய இளைஞரைத் தமிழ்நாடு ஏறத்தாழ மறந்துவிட்டது. அவர் பெயர் ஆர்தர் தாமஸ் காட்டன்.

ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் அவர் ஏறக்குறைய ஒரு தெய்வம். தமிழ்நாட்டிலோ, பாடநூலின் ஒரு வரியில் வந்துபோகும் பெயர். முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் அவருடைய பணிகளே என்பதை நம்மில் பலர், 2018-ஆம் ஆண்டு கொள்ளிடத்தில் மதகுகள் இடிந்து விழுந்தபோதுதான் நினைவுக்குக் கொண்டுவந்தோம். ஒரு பொறியாளரின் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்ள அவருடைய அணை உடைய வேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்கது. அந்த வாழ்க்கையில் இன்றைக்கும் பயன்படும் ஒரு பாடம் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே நிற்கும் அணை, கட்டி முடித்த நாளோடு முடிந்துவிடும் வேலையல்ல என்பதே அது.

காட்டன் 1803-ஆம் ஆண்டு மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். பதினோரு ஆண் பிள்ளைகள் இருந்த குடும்பத்தில் பத்தாவது பிள்ளை. கிழக்கிந்திய கம்பெனி தன் படையதிகாரிகளையும் பொறியாளர்களையும் உருவாக்க அடிஸ்கோம்பில் நடத்திவந்த பயிற்சிக் கல்லூரியில் படித்து, 1819-இல், பதினாறு வயதில், சென்னைப் பொறியாளர் படைப் பிரிவில் நியமனம் பெற்றார். 1821-இல் இந்தியா வந்து சேர்ந்தார். தென்மண்டல ஏரித்துறையில் அவருக்குக் கிடைத்த உதவிப் பொறியாளர் பணி, கோவை, மதுரை, திருநெல்வேலி, தஞ்சை, திருச்சி எனப் பரந்த நிலப்பரப்பைச் சார்ந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான பாம்பன் கடல்வழியை அளந்து ஆராயும் பணியிலும் அவர் ஈடுபட்டார். இடையில் முதலாம் பர்மியப் போருக்குச் சென்று திரும்பினார். 1828-இல் காவிரிப் பாசனம் அவர் பொறுப்புக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அன்று காவிரி ஒரு பெரும் சிக்கலில் இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரிலேயே தஞ்சைச் சமவெளிக்குச் செல்கிறது. வடகிளையான கொள்ளிடம் நேரான, குறுகிய வழியில் கடலை நோக்கிப் பாய்கிறது. வழி குறுகியதாக இருப்பதால் அதன் சரிவு அதிகம்; சரிவு அதிகமாக இருப்பதால் நீரின் வேகமும் அதிகம். வேகமாக ஓடும் ஆறு தன் படுகையை ஆழப்படுத்திக் கொள்ளும். மெதுவாக ஓடும் ஆற்றில் வண்டல் படியும். ஆண்டுதோறும் கொள்ளிடம் தாழ்ந்துகொண்டும் காவிரி மேடேறிக்கொண்டும் வந்தன. தஞ்சை வயல்களுக்குச் செல்ல வேண்டிய நீர், வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மணலையும் மண்ணையும் கொண்டு ஆண்டுதோறும் போடப்பட்ட தற்காலிகத் தடுப்புகள் அடுத்த வெள்ளத்தில் கரைந்தன. நெல் விளையாவிட்டால் நிலவரி இல்லை. நிலவரி இல்லையென்றால் கம்பெனிக்கு வருவாய் இல்லை. எனவே, விவசாயியின் கவலையும் அரசின் கவலையும் ஒரே இடத்தில் சந்தித்தன.

காட்டன் முதலில் செய்தது, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததைப் படித்ததுதான். கல்லணை அப்போதே பல நூற்றாண்டுகளைக் கண்டிருந்தது. ஆழம் காண முடியாத மணற்படுகையின் மேல் கல்லை அடுக்கி, அது நீரோட்டத்தில் புதைந்து புதைந்து நிலைகொள்ளும்வரை மேலும் அடுக்கி எழுப்பிய உத்தி அவரை வியக்க வைத்தது. பாறை கிடைக்கும்வரை தோண்டித்தான் அடித்தளமிட வேண்டும் என்று ஐரோப்பியப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தது. மணலிலேயே அணையை ஊன்றலாம் என்று கல்லணை காட்டியது. அதைக் கட்டிய பழந்தமிழர்களிடமிருந்து கற்றுக்கொண்டதாகவும், அவர்களுடைய அறிவுக்குத் தன் நாட்டவர் கடமைப்பட்டிருப்பதாகவும் அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படுவோரின் தொழில்நுட்பத்தைத் தன் ஆசான் என்று ஒப்புக்கொண்டது அந்தக் காலத்தில் அரிதான ஒன்று.

கற்றதோடு அவர் நிற்கவில்லை. கல்லணையின் மேற்புறத்தில் மணல் சேர்ந்து காவிரியின் படுகையை உயர்த்துவதைக் கண்டு, 1830 வாக்கில் அந்த அணையிலேயே மணல்போக்கிகளை அமைத்தார். அதாவது, வெள்ளத்தின் வேகத்தைக் கொண்டே, சேர்ந்த மணலை அடிவழியாக வெளியே தள்ளும் மதகுகள். தொன்மையான அணையைக் கைவைக்கக்கூடாத நினைவுச்சின்னமாக அவர் கருதவில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவும் முனையவில்லை. அதன் வேலையைத் தொடர்ந்து செய்வதற்கு என்ன மாற்றம் தேவையோ அதைச் செய்தார். இன்று நாம் நவீனமயமாக்கல் என்று அழைப்பதன் நல்லதொரு முன்மாதிரி இது.

அடுத்து, சிக்கலின் வேரையே பிடித்தார். கொள்ளிடம் பிரியும் இடத்தில் மேலணையும், ஆற்றின் போக்கில் கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டத் திட்டமிட்டார். 1834-இல் திட்டம் உருவெடுத்து, 1836-இல் இரண்டும் பயனுக்கு வந்தன. மேலணை, கொள்ளிடத்துக்குள் பாயும் நீரைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்பியது. கீழணை, மேலணையைத் தாண்டி வந்த நீரையும் கடைமடைப் பகுதிகளுக்கும் வீராணம் ஏரிக்கும் கொண்டுசென்றது. இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணத்துக்கு நீர் வந்து சேரும் வழி இந்தக் கீழணைதான். அணைக்கட்டு என்ற நம் சொல்லே அக்காலப் பொறியியல் ஆவணங்கள் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, இன்றும் அந்த மொழி அகராதிகளில் நிலைத்திருக்கிறது.

காட்டனின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதற்குப் பிந்தைய கட்டம். மேலணை எதிர்பார்த்ததற்கும் மேலாகவே வேலை செய்தது. அதுவே அடுத்த சிக்கலாயிற்று. இப்போது காவிரிக் கிளைக்குள் அளவுக்கு மீறி நீர் பாய்ந்து, அதன் படுகை அரிக்கத் தொடங்கியது, கரைகள் பலவீனமாயின. நீரற்றுக் கிடந்த ஆறு, நீர் மிகுந்து அச்சுறுத்தியது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் காவிரியின் தலைப்பில் படுகைமட்டத்தைக் காக்கும் தரைச்சுவர் ஒன்று கட்டப்பட்டது. கொள்ளிட அணையின் உயரத்திலும் திருத்தம் செய்யப்பட்டது. பின்னாளில் கதவுகள் பொருத்தப்பட்டு, நீரை வேண்டியபடி ஏற்றவும் இறக்கவும் கூடிய கதவணையாக அது மாறியது. ஆறு ஒவ்வோர் ஆண்டும் தன் பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தது. பொறியாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதைக் கேட்டுத் திருத்த வேண்டியிருந்தது. அப்படிக் கேட்பதற்கு ஆள் இருந்த வரையில் அணை நின்றது.

கடும் உழைப்பு காட்டனின் உடல்நலத்தைக் குலைத்தது. அவர் நீண்ட விடுப்பில் தாஸ்மேனியாவுக்குச் சென்றார். அங்கு 1841-இல் எலிசபெத் லியர்மந்தை மணந்தார். அதற்கு முன், சென்னையை அடுத்த செங்குன்றத்திலிருந்து சாலைப் பணிக்குக் கல் கொண்டுவர 1837-இல் போடப்பட்ட இருப்புப்பாதையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. இந்தியாவின் முதல் இருப்புப்பாதை என்று சொல்லப்படும் ஒன்றில் பங்காற்றியவரே, பிற்காலத்தில் ரயில்வேக்கு எதிரான மிக உரத்த குரலாக மாறினார்.

அதற்குக் காரணம் கோதாவரி. 1830-களில் பஞ்சத்தாலும் புயலாலும் சீரழிந்து, மக்கள் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த மாவட்டம் அது. பெருகியோடும் ஆற்றின் கரையிலேயே வயல்கள் காய்ந்துகிடந்தன. காவிரியில் செய்ததைப் பன்மடங்கு பெரிதாக அங்கே செய்யலாம் என்று காட்டன் வாதிட்டார். ஒப்புதல் கிடைத்து, தவளேஸ்வரத்தில் 1847-இல் தொடங்கிய பணி 1852-இல் நிறைவெய்தியது. இடையிலுள்ள தீவுகளோடு சேர்த்து ஆற்றின் அகலம் நான்கு மைல் அளவு. தீவுகளைத் துணையாகக் கொண்டு அணை நான்கு பகுதிகளாக எழுந்தது. அடித்தளம் மணல். காவிரியில் கற்ற பாடம் கோதாவரியில் பலித்தது.

அங்கே இன்னொரு புதுமையும் இருந்தது. கோதாவரியின் கால்வாய்கள் பாசனத்துக்கு மட்டுமின்றிப் படகுப் போக்குவரத்துக்கும் ஏற்றவாறு வெட்டப்பட்டன. அணைக்கு மேலும் கீழும் நீர்மட்டம் வேறுபடும் இடங்களில், இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட தொட்டிகள் கட்டப்பட்டன. படகு உள்ளே வந்ததும் ஒரு கதவை மூடி, நீரை நிரப்பியோ வடித்தோ மறுபக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த கதவைத் திறந்தால் படகு படியேறுவது போல மேலேறும், அல்லது கீழிறங்கும். ஆங்கிலத்தில் லாக் எனப்படும் இந்த அமைப்பை அங்குள்ள மக்கள் தெலுங்கில் இன்றும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். விளைந்த நெல், விளைவித்த நீரின் மேலேயே சந்தைக்குச் சென்றது. ஒரே முதலீடு, இரண்டு பயன்கள்.

காட்டனின் பொருளாதாரச் சிந்தனை முழுவதும் இந்த இரட்டைப் பயனில் அடங்கியிருக்கிறது. ரயில் தானியத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும். கால்வாயோ தானியத்தை விளைவித்து, அதைக் கொண்டும் செல்லும். ஆகவே, அரசின் பணம் முதலில் நீருக்குச் செல்லவேண்டும் என்பது அவர் வாதம். ரயில்வே நிறுவனங்களின் பங்குதாரர்களுக்கு உறுதியான வட்டியை இந்திய வரிப்பணத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இது எளிதில் ஏற்கப்படக்கூடிய வாதமாக இருக்கவில்லை. 1876-78 பெரும் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் என்பது பொதுவான கணிப்பு. ரயில் இருந்தும் மக்கள் மாண்டார்கள். அணைகளால் பாசனம் பெற்ற டெல்டாக்களோ மற்ற பகுதிகளைப் போல் அழியவில்லை. அந்தப் பின்னணியில் 1878-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றிய காட்டன், கடுமையான குறுக்குக் கேள்விகளை எதிர்கொண்டார். பாசனத்தின் தேவையை எடுத்துரைத்துவந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் போன்றோர் அவர் பக்கம் நின்றனர்.

காட்டனின் கணக்கு எல்லா இடங்களிலும் சரியாக இருந்தது என்று சொல்வது நேர்மையாகாது. அவருடைய ஊக்கத்தால் உருவான தனியார் பாசன நிறுவனங்கள் இரண்டுமே நிதி நெருக்கடியில் வீழ்ந்தன. ஒரிசாவில் தொடங்கிய திட்டத்தை அரசு ஏற்க நேர்ந்தது. துங்கபத்திரையிலிருந்து வெட்டப்பட்ட கர்னூல்-கடப்பைக் கால்வாயும் பிறகு அரசின் கைக்கே வந்தது. காரணம் தெளிவானது. தஞ்சையிலும் கோதாவரியிலும் நெல் பயிரிட்டுப் பழகிய விவசாயிகள் நீருக்காகக் காத்திருந்தனர். கர்னூலின் கரிசல் நிலத்திலோ மழையை நம்பிய புன்செய் வேளாண்மை நடந்துவந்தது. மழை பெய்த ஆண்டில் கால்வாய் நீரை விலைகொடுத்து வாங்க ஆளில்லை. நீர் இருந்தால் தேவை தானாகப் பிறக்கும் என்று காட்டன் நம்பினார். மண்ணும் பயிரும் பழக்கமும் சேர்ந்துதான் தேவையை உருவாக்குகின்றன என்பதை அந்த இழப்பு காட்டியது.

மற்றொரு கணக்குச் சிக்கலும் இருந்தது. அதன் நிழல் இன்றுவரை நீள்கிறது. சென்னை மாகாணத்தில் பாசன நீருக்கான கட்டணம் பெரும்பாலும் தனியாக வசூலிக்கப்படவில்லை. நன்செய் நிலவரியோடு கலந்தே வசூலிக்கப்பட்டது. ஆகவே, ஓர் அணை எவ்வளவு ஈட்டுகிறது என்பதே விவாதத்துக்குரியதாயிற்று. ஈட்டுவது தெரியாத சொத்துக்கு, அதன் பராமரிப்புக்கென ஒரு பங்கை ஒதுக்கும் பழக்கம் எப்படி வரும்? வருவாய் அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போயிற்று. பழுதுபார்ப்புச் செலவோ, ஆண்டுதோறும் இரந்து பெறும் பணமாக ஆயிற்று.

காட்டனுக்கு 1861-இல் சர் பட்டம் அளிக்கப்பட்டது. முதுமையை இங்கிலாந்தின் டார்க்கிங்கில் கழித்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. சிறு நிலத்தை ஆழ உழுது கோதுமை விளைச்சலைப் பெருக்கும் சோதனைகளில் ஈடுபட்டார். 1899-ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று, 96-ஆம் வயதில் மறைந்தார். மறுஆண்டே அவருடைய மகள், லேடி ஹோப், தந்தையின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

அவர் விட்டுச்சென்ற அணைகளுக்கும், அவரைப் பின்பற்றிப் பிறர் கட்டியவற்றுக்கும் பின்னர் என்ன நேர்ந்தது? அவருடைய கருத்தையொட்டி விஜயவாடாவில் கிருஷ்ணைக்குக் குறுக்கே 1855-இல் முடிக்கப்பட்ட அணைக்கட்டு, 1952-இல் உடைந்தது. அதன் பிறகே பிரகாசம் கதவணை எழுந்து, 1957-இல் பயனுக்கு வந்தது. தவளேஸ்வரத்தில் பழைய அணைக்கட்டுக்கு மாற்றாக 1970-களில் புதிய கதவணைப் பணி நடந்தது. அதற்குக் காட்டனின் பெயரே சூட்டப்பட்டது. முக்கொம்பிலோ, மேட்டூரிலிருந்து பெருவெள்ளம் வந்த 2018 ஆகஸ்டில், 22-ஆம் நாள் இரவு, கொள்ளிடக் கிளையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டி உடைப்பை அடைக்க, தொழிலாளர்கள் ஓடும் வெள்ளத்தில் இறங்கிப் பாடுபட்டனர். 387.60 கோடி ரூபாய் மதிப்பீட்டில், பழைய கட்டுமானத்துக்குச் சற்றுக் கீழே புதிய கதவணை கட்டப்பட்டது.

முதுமையால் உடைந்ததா, ஆற்றுப்படுகையில் மணல் அள்ளியதால் உடைந்ததா என்ற விவாதம் அப்போது நடந்தது. இரண்டில் எது காரணமானாலும் முடிவு ஒன்றுதான். 182 ஆண்டு வயதுள்ள அணை ஒரே இரவில் முதுமை அடைவதில்லை. படுகை தாழ்வதும், அடித்தளத்துக்குக் கீழே மணல் கரைவதும், இரும்பு துருப்பிடிப்பதும் மெல்ல மெல்ல நடப்பவை. பார்க்க ஆளிருந்தால் கண்ணில் படுபவை.

படகுத் தொட்டிகளின் கதையும் இதுவே. ரயிலும் லாரியும் வந்தபின் கால்வாய்ப் போக்குவரத்து தேய்ந்தது, கதவுகள் பழுதாயின, பக்கிங்ஹாம் கால்வாய் சென்னை நகருக்குள் சாக்கடையாயிற்று. இப்போது காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை, கோதாவரி, கிருஷ்ணைப் பகுதிகளையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் இணைத்து நான்காவது தேசிய நீர்வழி என 2008-இல் அறிவித்திருக்கிறோம். கைவிட்டதை மீட்கும் செலவு, காத்துவந்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்கு ஆகும் என்பதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. ஓட்டுவீட்டில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். மழைக்கு முன் ஓடு மாற்றாதவர், மழைக்குப் பின் உத்தரத்தையே மாற்ற வேண்டிவரும்.

இருந்தும் அரசுகள் ஏன் பராமரிப்பைத் தள்ளிப்போடுகின்றன? புதிய அணைக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. உரிய காலத்தில் மாற்றப்பட்ட கதவுச் சங்கிலிக்கு விழா எடுப்பார் இல்லை. நடக்காமல் தடுக்கப்பட்ட விபத்து எந்தக் கணக்கிலும் வரவாக எழுதப்படுவதில்லை. நிதி நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவதும் அதனால்தான் பராமரிப்புச் செலவாக இருக்கிறது. இது எந்த ஒரு கட்சியின் குறையும் அல்ல. கணக்கெழுதும் முறையின் குறை.

வைகைப் பாசனத்தைச் சார்ந்திருக்கும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியல்ல. பெரியாற்று நீரைக் கால்வாயில் பிரித்துவிடும் பேரணை, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை, நகரின் கிழக்கே விரகனூர் மதகணை, அங்கிருந்து சிவகங்கை, ராமநாதபுரம் நோக்கிச் செல்லும் நீர், வழியெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான கண்மாய்கள், கே.கே. நகரை அடுத்துள்ள வண்டியூர்க் கண்மாய் வரை எல்லாமே ஒரே சங்கிலியின் கண்ணிகள். இவற்றில் மேலே ஒரு கதவு சரியாக இறங்காவிட்டால் கீழே ஒரு கிராமத்துக்கு நீர் இல்லை. கீழே ஒரு கலுங்கு அடைபட்டால் மேலே ஒரு தெருவுக்கு வெள்ளம். கண்மாயைத் தூர்வாரி மடை பழுதுபார்க்கும் குடிமராமத்து முறை ஒருகாலத்தில் ஊர்களின் கையில் இருந்தது. அது தளர்ந்தபோது 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது அன்றைய அரசு. சட்டத்தால் பழைய ஊக்கத்தை மீட்க முடியவில்லை.

இன்று செய்யக்கூடியது கடினமானதல்ல. ஒவ்வொரு பழைய அணையும் மதகும் ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஆய்வு செய்யப்பட வேண்டும்; அடித்தளத்தின் நிலையும் படுகையின் மட்டமும் அதில் அடங்கவேண்டும். அந்த ஆய்வறிக்கை, அணையால் பயன்பெறும் விவசாயிகள் படிக்கும்வண்ணம் தமிழில் வெளியிடப்பட வேண்டும். ஒவ்வொரு கட்டுமானத்தின் இன்றைய மாற்றுச் செலவில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை, வேறெதற்கும் திருப்ப முடியாத பராமரிப்பு நிதியாக ஒதுக்க வேண்டும். அணைக்கு அருகில் மணல் அள்ளத் தடைவிதிக்கப்பட்ட தொலைவை அறிவிப்புப் பலகையில் மட்டுமின்றி நடைமுறையிலும் காக்கவேண்டும்.

கோதாவரியில் நீராடும்போது சொல்லப்படும் சங்கல்பத்தில் காட்டனின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டென்பர். காவிரியின் மக்கள் அவருக்கு அப்படியொரு சடங்கைச் செய்யவேண்டியதில்லை. மணலில் ஊன்றிய கல்லணையை முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துக் காத்தார்கள். அதனால்தான் அவர் வந்தபோது கற்றுக்கொள்வதற்கு அங்கே ஓர் அணை நின்றுகொண்டிருந்தது. நாளை வரப்போகும் இளம் பொறியாளர் கற்றுக்கொள்ள நாமும் எதையேனும் நிற்கவைக்க வேண்டும். அதற்கான செலவு, அடுத்த வெள்ளத்துக்கு முன் செய்யவேண்டிய செலவு.